ஐந்து ஏக்கர் பார்லி

ஹௌக்லி, தெலமார்க்
20 ஜூன் 1993

அன்புள்ள ஸ்டைனாருக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அண்ணி குன்வோர் நலம். எனக்கு முழங்கால்கள் வழக்கம்போல. தொண்டைதான் வசந்தத்திலிருந்து கரகரக்கிறது. டாக்டர் படம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். கோடைக் கூட்டம் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பத்திரிகையில் நீ படிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். டாலன் டவுனை விற்றுவிட்டேன். கௌபாய் பூங்கா மொத்தமும்: சலூன், ரயில், தங்கம் சலிக்கும் ஓடை, குதிரைகள், அவற்றோடு பண்ணையும் வீடும். வாங்கியது ஓஸ்லோ கம்பெனி ஒன்று. ஜூன் 14-ஆம் தேதி பதிவு முடிந்தது. இன்னும் இரண்டு கோடைக்கு நாங்கள் பழைய வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். பதிலுக்கு நான் தினமும் நாலு மணி நிகழ்ச்சியில் பாட வேண்டும். பக் டாலன் இல்லாமல் டாலன் டவுனுக்கு யார் வருவார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள்.

கம்பெனியின் மேலாளர் முப்பது வயதுப் பையன். கீழ்வயலைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, புல்லா?" என்றான்.

"பார்லி," என்றேன்.

"எதுக்கு?"

"பார்லிக்குத்தான்."

"இங்க ஒரு தண்ணிச் சறுக்கு போட்டா அம்சமா இருக்கும்."

"வர்ற வருஷம் அறுப்பு வரைக்கும் வயல் என் கையிலன்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கு. படிச்சுப் பாருப்பா," என்றேன்.

ஐந்து ஏக்கர் போட்டிருக்கிறேன். குறையவில்லை.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன். வடக்கே குளிர் குறைந்ததா?

ஒட்வார்

*

த்ரோம்ஸோ
9 ஜூலை 1993

பக் டாலன் அவர்களுக்கு,

நான் நலம். இங்கே இப்போது சூரியன் மறைவதில்லை. தூக்கம் வராததற்கு அதையே காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். குன்வோரின் உடல்நலம் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே செய்தித்தாளில் படித்துவிட்டேன். படத்தில் நீ வெள்ளி நட்சத்திரம் குத்திக்கொண்டு சிரிக்கிறாய். பின்னால் நம் அப்பாவின் வைக்கோல் களஞ்சியம், "சலூன்" என்ற பலகையோடு. நல்ல படம்.

உனக்கு ஞாபகம் இருக்காது, அதனால் எழுதுகிறேன். 1971-இல் நீ வருடத்துக்கு இருநூறு ஊர்களில் பாடிக்கொண்டிருந்தாய். பண்ணை களை முளைத்துக் கிடந்தது. நான் படிப்பை முடித்துவிட்டு வந்து உன்னிடம் கேட்டேன்: "நீ பாடப் போ. நிலத்த நான் பாத்துக்கறேன்." நீ சமையலறையில் நின்று வாஃபிளுக்கு ஜாம் தடவிக்கொண்டே, "மூத்தவனுக்குத்தான்டா நிலம். உனக்குப் படிப்பு இருக்கே," என்றாய். அடுத்த வருடம் களஞ்சியத்தில் சலூன் வந்தது. நாம் பிறந்த பண்ணையின் பெயர்தான் நம் குடும்பப் பெயர். அதையும் கழற்றிப் போட்டுவிட்டு டெக்சாஸ்காரன் போல ஒரு பெயரை மாட்டிக்கொண்டவன், மூத்தவன் உரிமையை மட்டும் கழற்றவில்லை.

போன வாரம் ஆசிரியர் அறையில் ரங்ஃப்ரீத் சொன்னாள்:

"ஸ்டைனார், ரேடியோல உங்க அண்ணன் பாட்டு போட்டாங்க. அந்த லாரிப் பாட்டு. எங்க வீட்டுக்காரர் அழுதுட்டாரு."

"அப்படியா."

"உங்களுக்குப் பாட வராதா?"

"வராது. எழுத மட்டும் வரும்."

"என்ன எழுதுவீங்க?"

"தேர்வுத்தாள்."

'பனியில் நிற்கும் லாரி'யை இருபத்திரண்டு வயதில், ஓஸ்லோவில் ஒரு வாடகை அறையில், கையுறை போட்டுக்கொண்டு எழுதினேன். ஆறு பத்தி. இசைத்தட்டின் உறையில் இருப்பது: "சொல்லும் இசையும்: பக் டாலன்."

பதிவுத் தேதியை எனக்கு எதற்கு எழுதினாய்? பரம்பரை நிலத்தை வெளியாளுக்கு விற்றால், ரத்த உறவு ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் போய் மதிப்பிட்ட விலைக்கு மீட்டுக்கொள்ளலாம், வாங்கியவன் தடுக்க முடியாது என்பதை நான் வருடா வருடம் வகுப்பில் நடத்துகிறேன். உனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த உறவு நான் ஒருவன்தான் என்பதும் தெரியும். நீ நினைவூட்ட வேண்டியதில்லை.

ஸ்டைனார் ஹௌக்லி

*

ஹௌக்லி
15 ஆகஸ்ட் 1993

அன்புள்ள ஸ்டைனாருக்கு,

நலமா? கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல வெயில், நல்ல கூட்டம். சனிக்கிழமை மட்டும் பதினெட்டு பேருந்துகள்.

பக்கத்துப் பண்ணை தல்லாக் நினைவிருக்கிறானா? பன்னிரண்டு வருடமாக ரயில் கொள்ளைக் காட்சியில் கொள்ளைக்காரன் அவன்தான். புது நிர்வாகம் அவனுக்கு வயதாகிவிட்டது என்கிறது. "அறுபது வயசுல கொள்ளையடிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? பேங்க்ல பாரு, எல்லாம் அதுக்கு மேலதான்," என்று மேலாளரிடமே கேட்டுவிட்டான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பார்லி முட்டியளவு தாண்டிவிட்டது. பார்வையாளர்கள் அதைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து.

நீ எழுதியதற்கெல்லாம் நான் பதில் எழுதவில்லை என்று கோபிப்பாய். எழுத்து உன் வேலை. ஒருமுறை வா. இருபது வருடத்தில் ஒரு தடவைகூட நீ வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நாலு மணி நிகழ்ச்சிக்கு வா. பின்வரிசையில் உட்கார். யாரும் உன்னைக் கவனிக்க மாட்டார்கள்.

தொண்டை பரவாயில்லை. தேன் குடிக்கிறேன்.

ஒட்வார்

*

த்ரோம்ஸோ
3 அக்டோபர் 1993

ஒட்வாருக்கு,

நலம். நீயும் குன்வோரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். வழக்குரைஞரைப் பார்த்தேன். மனு தயார், என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வங்கியும் சரி என்றுவிட்டது. மீட்பவன் பத்து வருடம் அங்கேயே குடியிருந்து உழ வேண்டும் என்கிறது சட்டம். எனக்கு நாற்பத்தேழு. சுல்வாய் விவாகரத்து வாங்கிப் போய் ஆறு வருடம் ஆகிறது. நாலாவது மாடியில் தனியாக இருக்கிறேன். ஜன்னலில் தெரிவது மற்றொரு நாலாவது மாடி. பத்து வருடம் எனக்குப் பெரிய விஷயமில்லை. அந்த ரயிலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, களஞ்சியத்தில் மறுபடி வைக்கோல் ஏற்ற வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியாது. போன மாதம் பார்லி விதை பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படித்தேன். ஆசிரியர் அறையில் அதை வரைபடத்துக்கு அடியில் மறைத்து வைக்க வேண்டியிருந்தது.

ஆனால் நான் வந்து உன் பண்ணையைக் காப்பாற்றிக் கொடுக்க, பெரிய மனது பண்ணிக் கதவைத் திறந்த அண்ணனாக நீ நிற்கப் போவதில்லை. அதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு: "அந்தப் பாட்டை எழுதியவன் ஸ்டைனார்." பத்திரிகைக்கு வேண்டாம். எனக்கு மட்டும் போதும். அது வந்து சேர்ந்த அன்றே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வரி. எழுத்து உன் வேலை இல்லை என்றாலும் முடியும்.

ஸ்டைனார்

*

ஹௌக்லி
28 நவம்பர் 1993

அன்புள்ள ஸ்டைனாருக்கு,

நலமா? பதில் தாமதம். நகரத்து ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துக்கொண்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. குன்வோர் உனக்குக் கையுறை பின்னி அனுப்புகிறாள், கிறிஸ்துமஸுக்கு.

முதல் பத்தி உன்னுடையது. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

மீதி ஐந்து பத்தியை நான் கிறிஸ்டியான்சாண்ட் போகிற வழியில் வேனில் எழுதினேன். டிரம்ஸ் அடிக்கிற கௌத்தே பக்கத்தில் இருந்தான். "இந்தப் படிச்ச பையன் எழுதினத வெச்சு எவனும் ஆட மாட்டான், நீ மாத்து," என்று சொன்னவனே அவன்தான். உன் தாளில் லாரி ஓட்டுகிறவன் மரணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே போகிறான். என் பாட்டில் அவனுக்குப் பசிக்கிறது. மக்கள் அழுவது அந்தப் பசிக்குத்தான் ஸ்டைனார்.

நீ இருபத்தைந்து வருடமாக ஆறு பத்தியும் உன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் உனக்கு ஞாபகம். ஆனால் நிபந்தனை போட்டுக் கேட்கிறாய். மேடையில் கேட்டால் எந்தப் பாட்டையும் பாடுவேன். கையைப் பிடித்து முறுக்கிக் கேட்டால் என்னால் "ஆ" என்றுகூடச் சொல்ல முடியாது. அப்பாவும் அப்படித்தான். நீயும்தான்.

மறுபடி சொல்கிறேன். வா. மே 17 முதல் மறுபடி நாலு மணிக்குப் பாடுகிறேன்.

ஒட்வார்

*

த்ரோம்ஸோ
16 ஜனவரி 1994

ஒட்வாருக்கு,

கையுறை வந்தது. சரியாக இருக்கிறது. குன்வோருக்கு நன்றி சொல். ஆஸ்பத்திரி எதற்கு என்று நீ எழுதவில்லை. எழுத விரும்பியிருந்தால் எழுதியிருப்பாய்.

கௌத்தே இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. சாட்சியை நன்றாகத் தேர்ந்தெடுக்கிறாய்.

நீ அப்பாவை இழுத்ததால் நானும் இழுக்கிறேன். இறந்த அந்த பிப்ரவரியில் அவர் மூன்று நாள் படுக்கையில் கிடந்தார். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போயிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அவன் வர்றானாடா?"

"வந்துக்கிட்டே இருக்கான்பா."

"எங்க வர்றான்?"

"நோட்டோட்டன் தாண்டிட்டான்."

"பனி அதிகமா?"

"கொஞ்சம்."

"மெதுவா வரச் சொல்லு."

நீ அன்று ஹாமாரில் இரண்டாவது நிகழ்ச்சி பாடிக்கொண்டிருந்தாய். மேடைக்குப் பின்னால் தகவல் வந்தது, முதல் நிகழ்ச்சி முடிந்ததுமே. கௌத்தேயே பின்னாளில் என்னிடம் சொன்னான். உன் சாட்சிதான். இரண்டாவது நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கிளம்பினாய். நான் உனக்காகச் சொன்ன பொய்கள் அந்த ஒரு நாளிலேயே ஆறு பத்திக்கு வரும்.

முதல் பத்தி மட்டும் என்னுடையது என்றால், அதையாவது அந்தச் சொற்களில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. "மறுத்ததில்லை" என்பது எழுதிக் கொடுப்பது ஆகாது. ஜூன் 14 எனக்குக் கெடு இல்லை. உனக்குத்தான்.

ஸ்டைனார்

*

ஹௌக்லி
24 ஏப்ரல் 1994

அன்புள்ள ஸ்டைனாருக்கு,

நலமா? ஹாமார் பற்றி எழுதியிருந்தாய். அது உண்மை.

வயலில் பனி போன வாரம்தான் போனது. உழ ஆரம்பித்துவிட்டேன். மேலாளர் வந்து வரப்பில் நின்றான்.

"பக், இந்த வருஷமாவது பாதி விடுங்களேன். சறுக்குக்கு அளந்துட்டுப் போயிருவாங்க."

"விட முடியாது."

"அப்படி என்னங்க இருக்கு இந்தப் பார்லில?"

"கஞ்சி இருக்கு," என்றேன். வேறு என்ன சொல்ல?

ஐந்து ஏக்கருக்குக் கீழே போனால் சட்டப்படி அது பண்ணை இல்லை, வெறும் மனை. மனையை யாரும் மீட்க முடியாது. இது உனக்குத் தெரியும், நீ வகுப்பில் நடத்துகிறாய். இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ பேர் அந்த வயலைக் கேட்டார்கள். கார் நிறுத்த, கூடாரம் போட, எருமை விட. தரவில்லை. ஏன் என்று குன்வோர் ஒருத்திதான் கேட்டாள்.

இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. நாட்டியம் கற்ற கரடி மாதிரி ஒரே வித்தைதான் தெரியும், அதைக்கூட டாக்டர் குறைக்கச் சொல்கிறார்.

மே 17 முதல். நாலு மணி.

ஒட்வார்

*

த்ரோம்ஸோ
2 ஜூன் 1994

ஒட்வாருக்கு,

நலம். நீ நலமா?

இங்கே தபால் தினமும் பதினோரு மணிக்கு வருகிறது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ஸ்டைனார்

*

ஹௌக்லி
5 ஜூலை 1994

ஸ்டைனாருக்கு,

குன்வோர் எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய், உனக்கு எப்போதும் ஒன்றும் ஆவதில்லை. ஒட்வார் நலமாக இல்லை. தொண்டையில் இருப்பது என்ன என்று நவம்பரிலேயே எங்களுக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்றான். "பரிதாபப்பட்டு வரக் கூடாது," என்றான்.

இந்தக் கடிதம் எழுதுவது அவனுக்குத் தெரியாது.

அம்மா இறந்தபோது, 1979-இல், அவளுடைய வெள்ளிக் கரண்டிகளைப் பொட்டலம் கட்டி உனக்கு அனுப்பினான். அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாய். மேலே எழுதியிருந்தாய்: "உன் கையிலிருந்து எனக்கு ஒரு கரண்டிகூட வேண்டாம்." அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. அவன் எதையும் தூக்கிப் போடமாட்டான்.

போன வருடம் ஓஸ்லோக்காரர்கள் வந்தபோது நான் கேட்டேன், "வெளியாளுக்கு ஏன் குடுக்கற? ஸ்டைனாருக்கு எழுதிக் குடுத்துரு." அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நான் குடுத்தா வாங்க மாட்டான். வெளியாளுக்கு வித்தா உரிமையோட வந்து பிடுங்கிக்குவான். எனக்கு நன்றி சொல்ல வேண்டாம் பாரு. அவனுக்கு அதான் பிடிக்கும்."

"பிடுங்கலன்னா?"

"பிடுங்குவான். என் தம்பிய எனக்குத் தெரியாதா?"

நீ கேட்ட வரியை எழுதச் சொல்லி நான் காகிதமும் பேனாவும் வைத்தேன். மூன்று தடவை எழுதினான், மூன்று தடவை கிழித்தான். "இத வாங்கிக்கிட்டுத்தான் வருவான்னா, அவன் நிலத்துக்கு வரல," என்றான். நான் இரண்டு பேரையும் நன்றாகத் திட்டினேன். உன்னைத் திட்டியது உனக்குக் கேட்டிருக்காது.

ஜூன் 14 அன்று அவன் சாதாரணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நீதிமன்றத்து ஆள் வருவான் என்று அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். காபி போட்டு வைக்கச் சொன்னான். மூன்றரை மணிக்கு மேலாளர் வந்து, "பக், உடுப்பு மாத்தலையா?" என்றான். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தான். நாலு மணிக்குப் பாடினான்.

இப்போது கீழ்வயலில் குச்சி நட்டு நாடா கட்டியிருக்கிறார்கள். அறுப்பு முடிந்ததும் தோண்டுவார்கள்.

உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன். ஆறுதல் எதுவும் எழுதி அனுப்பாதே.

குன்வோர்

*

த்ரோம்ஸோ
28 ஆகஸ்ட் 1994

அன்புள்ள ஒட்வாருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை என்று குன்வோர் சொல்வாள். கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

எனக்குக் கெடு மறக்கவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மனுவை மே மாதமே வீட்டுக்கு வாங்கி வந்துவிட்டேன். ஜூன் 14 அன்று பள்ளிக்கு விடுப்பு எடுத்தேன். பதினோரு மணிக்கு மின்சாரக் கட்டண ரசீதும் ஆசிரியர் சங்கத்துப் பத்திரிகையும் வந்தன. வழக்குரைஞர் இரண்டு மணிக்கு ஃபோன் செய்தார். "சார், தொலைநகல்ல அனுப்பினாக்கூட இன்னும் நேரம் இருக்கு." "தேவையில்லை," என்றேன். அப்போது அதைச் சொல்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. மூன்று வாரம் அந்த மகிழ்ச்சியோடுதான் இருந்தேன், குன்வோரின் கடிதம் வரும்வரை.

ஆகஸ்ட் 13, சனிக்கிழமை, நான் அங்கே வந்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. வாசலில் வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். கீழ்வயலில் பார்லி பாதி பழுத்திருந்தது, நாடாவுக்கு உள்ளே. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கதிர் அடர்த்தி. புத்தகத்தில் போட்டிருந்ததைவிட நன்றாகவே போட்டிருந்தாய்.

நாலு மணிக்குக் களஞ்சியத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஷீயெனிலிருந்து வந்த ஒரு அம்மாள், எட்டாவது தடவையாக வருகிறாளாம். நீ மேடை ஏறியபோது எனக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. சட்டைக் காலருக்குள் இன்னொருவன் கழுத்தும் போகும் போலிருந்தது.

லாரிப் பாட்டுக்கு முன்னால் நீ கிதாரை இறக்கி வைத்துவிட்டுப் பேசினாய். குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் நீ சொல்லப் போவது கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். வடக்க, துருவக் கரடிக்குச் சரித்திரம் சொல்லிக் குடுக்கறான்." சிரித்தார்கள். "ரொம்பப் படிச்சவன். நான் கிதார்ல மூணு கார்டு கத்துக்கிட்ட நேரத்துல அவன் மூணு பாஷை கத்துக்கிட்டான். இந்தப் பாட்டு மொத்தமும் அவன் எழுதினதுன்னு சொல்லுவான். நான் சொல்றேன், முதல் பத்திதான்டா உன்னுது..."

அரங்கமே உன்னோடு சேர்ந்து முடித்தது: "...மிச்சம் எனக்குப் பசிச்சப்ப எழுதினது!"

"ஆனா ஒண்ணு," என்றாய் நீ, சிரிப்பு அடங்கிய பிறகு. "அந்த முதல் பத்தி இல்லன்னா லாரி கிளம்பியே இருக்காது. எழுதினவன் பேரு ஸ்டைனார் ஹௌக்லி. கை தட்டுங்க, அவனுக்குக் கேக்கட்டும்."

தட்டினார்கள். இருநூறு பேர் இருக்கும்.

நீ பாட ஆரம்பித்தாய். முதல் பத்தி நான் எழுதியதுதான். இரண்டாவது வந்தபோது கவனமாகக் கேட்டேன். என் தாளில் அந்தச் சொற்கள் இருந்ததாக எனக்கு நினைவு வரவில்லை. மூன்றாவதும் அப்படியே. இருபத்தைந்து வருடத்தில் நான் அந்தப் பாட்டு வந்த எல்லா இடத்திலும் ரேடியோவை நிறுத்தியிருக்கிறேன்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எட்டு வருஷமா இதையே சொல்றாரு, எனக்கு அலுக்கவே இல்ல. அந்தத் தம்பின்னு ஒருத்தர் நெசமாவே இருக்காரா, உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லீங்க," என்றேன். "அதெல்லாம் நிகழ்ச்சிக்காகச் சொல்றது."

பாட்டு முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். ஐந்து மணிக்குப் பேருந்து இருந்தது.

குன்வோருக்கு என் வணக்கம். குளிர் சீக்கிரம் வரும் என்கிறார்கள். தொண்டையை மூடிக்கொள்.

ஸ்டைனார்